அம்பில் பழைய இறகைக் கழற்றுதல்
அம்பின் பின்பகுதியில் ஒட்டிய இறகு கிழிந்தாலோ, நெளிந்தாலோ, அடிப்பக்கம் தண்டை விட்டு எழும்பினாலோ அதை மாற்றியாக வேண்டும். புதிய இறகு எத்தனை நாள் நிற்கும் என்பதைப் பழையதைக் கழற்றிய விதமே பெரிதும் தீர்மானிக்கிறது. பழைய பசையின் மேல் ஒட்டிய இறகு அந்தப் பசையோடு சேர்ந்து உரிந்து வரும். கத்தி பட்டு நார் அறுந்த தண்டிலோ எவ்வளவு நல்ல இறகை ஒட்டியும் பயனில்லை.

புதுக்கோட்டை மாவட்டம் போன்ற வெயில் ஊர்களில் இந்த வேலை அடிக்கடி வரும். கத்திரி வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் அம்புப் பெட்டி கிடந்தால், பிளாஸ்டிக் இறகு வளையும், பசையும் இளகும்.

கழற்றும் முன் அடையாளம் வைக்க வேண்டும். நாண் பொருந்தும் குதையிலிருந்து இறகு எவ்வளவு தள்ளித் தொடங்குகிறது, தனித்து நிற்கும் வழிகாட்டி இறகு எந்தப் பக்கம் என்ற இரண்டையும் குறித்துக்கொள்வது வழக்கம். கைவில் அம்பில் மூன்று இறகுகள் 120 பாகை இடைவெளியில் அமையும். வழிகாட்டி இறகு நாணுக்குச் செங்குத்தாக நிற்கும். குறுக்குவில்லின் குட்டை அம்பில் வழிகாட்டி இறகு பாதையின் நடுப்பள்ளத்தில் இறங்கி ஓடும். அதன் குதை பிறை வடிவமானால், குதையின் பள்ளம் அந்த இறகுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். குதை திரும்பிப்போனால் நாண் அம்பின் மேலோ கீழோ வழுக்கி, வில்லே உடையக்கூடும். ஆகவே எல்லா அம்புகளையும் ஒரே நேரத்தில் உரிக்காமல், ஒன்றை மாதிரியாக அப்படியே வைத்துக்கொள்வது நல்லது.

தண்டின் வகையைப் பொறுத்து முறை மாறும். இந்தியச் சுற்றுப் போட்டிகளில் மூங்கில் வில்லுடன் எய்யும் மர, மூங்கில் அம்புகளில் பறவை இறகைப் பசையால் ஒட்டி, சிலர் நூலும் சுற்றியிருப்பார்கள். முதலில் நூலை அறுத்து, பிறகு இறகின் தண்டை நார் ஓடும் திசையிலேயே சீவி எடுக்க வேண்டும். நீரில் ஊற வைத்தால் தண்டு உப்பி வளையும். அலுமினியத் தண்டு வெப்பத்தையும் அசிட்டோனையும் தாங்கும்; ஆனால் மேலே பூசிய வண்ணத்தை அசிட்டோன் கரைத்துவிடும். மென்மையான உலோகம் என்பதால் அழுத்தினால் பள்ளம் விழும்.

அதிகக் கவனம் கேட்பது கார்பன் தண்டுதான். மழுங்கிய கத்தியைத் தண்டோடு ஏறத்தாழப் படுக்க வைத்து, இறகின் முனையில் நிற்கும் பசைத்துளியை முதலில் விலக்கி, அடிப்பகுதிக்கு அடியில் நீளவாட்டில் தள்ள வேண்டும். குறுக்கே வெட்டினால் கார்பன் நார்கள் அறுபடும். நெருப்பில் காட்டினால் நார்களைப் பிணைக்கும் பிசின் இளகும். தண்டில் சுற்றிய ஒட்டுத்தாளின் மேல் இறகு ஒட்டியிருந்தால், தாளை மிதமாகச் சூடாக்கி உரித்தால் மூன்று இறகுகளும் சேர்ந்து வந்துவிடும்.

எஞ்சும் பசை அதன் இயல்புக்கு ஏற்பவே நீங்கும். கரைப்பான் வகைப் பசை அசிட்டோன் தோய்த்த துணிக்கு இளகும். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை மெதுவாகவே இளகும். கத்தியின் முதுகால் சுரண்டி, பிறகு துடைக்கலாம். கார்பன் தண்டைக் கரைப்பானில் மூழ்க வைக்காமல் துடைத்தால் போதும். கடைசி மெல்லிய படலத்தைப் பாத்திரம் துலக்கும் பச்சை நாரால் லேசாகத் தேய்த்து எடுக்கலாம். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் அணிந்து, ஈரத்தோடு தேய்ப்பதே பாதுகாப்பு.

இறகில்லாத தண்டைச் சோதிக்க இதைவிட நல்ல நேரம் இல்லை. இரு முனையையும் பிடித்து லேசாக வளைத்து, திருப்பித் திருப்பி வளைக்கும்போது நொறுங்கும் ஒலி கேட்டாலோ, விரிசல் தெரிந்தாலோ அந்த அம்பை ஒடித்து எறிந்துவிட வேண்டும். விரிசல் விட்ட கார்பன் அம்பு எய்யும்போது உடைந்து கையைக் குத்தும்.

திருக்கோகர்ணம் அரசு அருங்காட்சியகம் போன்ற இடங்களில் காக்கத்தக்க பழங்கால அம்பு கையில் கிடைத்தால் இவற்றில் எதையும் செய்யக்கூடாது. கிழிந்த இறகும் காய்ந்த பசையும் அங்கே வரலாற்றுச் சான்று.

பயன்படுத்தும் தண்டுக்குக் கடைசிச் சோதனை நீர்தான். ஒட்டும் பகுதியில் நீரை ஊற்றினால் துளித்துளியாகத் திரளாமல் சீராகப் பரவ வேண்டும். திரண்டால் எண்ணெய்ப்பசை இன்னும் இருக்கிறது; ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் மறுபடி துடைத்து, விரல் படாமல் உலர்த்த வேண்டும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்துக் கடற்காற்றில் ஈரமும் உப்பும் படியும். சுத்தம் செய்த தண்டில் அன்றே புதிய இறகை ஒட்டிவிட வேண்டும்.