பொறுமை வேறு, பொறுத்துப்போவது வேறு

“பொறுமையாக இரு” என்றால் நம் பிள்ளைகளுக்குக் கோபம் வரும். நியாயமான கோபம்தான். நம்மிடம் பொறுமையைப் போதித்தவர்கள் பெரும்பாலும் பொறுத்துப்போகச் சொன்னவர்கள். நான் சொல்வது வேறு பொறுமை.

1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் அண்ணல் அம்பேத்கர் லண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார். பரோடாவில் வேலைக்குப் போனார். தங்கிய விடுதியிலிருந்து சாதியைச் சொல்லித் துரத்தினார்கள். பிறகு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திப் பணம் சேர்த்தார். இடையே 1919-இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் சொன்னார். 1920-இல் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு மீண்டும் லண்டன் போனார். 1923-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அந்த ஆறு ஆண்டுகளில் இலக்கை விடவுமில்லை, சும்மா காத்திருக்கவுமில்லை.

என்னிடம் வரும் மாணவர்கள், “சமூகத்தை மாத்தணும்க்கா” என்கிறார்கள். மகிழ்ச்சி. “இந்த மாசம் என்ன செய்யப்போற?” என்று கேட்டால் பதில் வருவதில்லை.

களப்பணிக்கு வந்த புதிதில் நான் வைத்துக்கொண்ட இலக்கு ஒன்றுதான்: 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் ஒரு புகாரை நானே எழுதத் தெரிய வேண்டும். வாரம் ஒரு பிரிவாகப் படித்தேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இன்று சாதியைச் சொல்லி அடித்ததை யாராவது ‘வாய்த்தகராறு’ என்று சுருக்கப் பார்த்தால், எந்தப் பிரிவு பொருந்தும் என்று எடுத்துச் சொல்ல முடிகிறது.

போட்டித் தேர்வோ, முனைவர் பட்டமோ, நம் தெருவுக்கு ஒரு படிப்பகமோ, உங்கள் இலக்கில் இந்த வாரம் செய்ய முடிந்தது எது என்று பாருங்கள். தடை வரும், நமக்குக் கூடுதலாகவே வரும். நின்ற இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அங்கிருந்தே மறுபடி தொடங்குங்கள்.