தேய்த்ததும் தேய்ந்ததும்

சுவாமிமலைக்கு வருகிறவர்கள் 60 படியேறி முருகனைப் பார்த்துவிட்டு, அடுத்த கோயிலுக்குப் பேருந்து பிடிப்பார்கள். நான் அன்று படியேறவில்லை. சிலை வார்க்கும் பட்டறைகள் இருக்கும் தெருவில், உலோகத்தின்மேல் அரம் ஓடுகிற சத்தத்தைத் தேடிக்கொண்டு நடந்தேன். தொழிலாளர்கள் வாயில் புழங்கும் வினைச்சொற்களைக் குறித்துவைப்பது என் நெடுநாள் வழக்கம். அந்த வருடம் என் குறிப்பேட்டில் பாதிப் பக்கங்களைப் பிடித்துக்கொண்டிருந்த சொல் ‘தேய்’.

பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓட்டுக் கூரை, மண் தரை, சுவரோரம் வண்டல் பூசிக் காயும் அச்சுகள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடிப்பது, காவிரி வண்டலைப் பூசுவது, வறட்டித் தீயில் மெழுகை உருக்கி ஓடவிட்டு அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது என்று இந்த வார்ப்பு முறையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். வார்க்கிற நாளில் புகையும் நெருப்புமாக ஒரே பரபரப்பு. அன்றைக்குப் படம் எடுக்கவும் ஆள் வரும். மறுநாள் அச்சை உடைத்த பிறகு வாரக்கணக்கில் உட்கார்ந்த இடத்திலேயே நடக்கிற வேலையைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

அச்சிலிருந்து வந்த ஒன்றரை அடி அம்மன், முந்தின நாள்தான் வெளிச்சம் பார்த்தது. உடம்பெல்லாம் கருப்பு, சொரசொரப்பு. உலோகம் இறங்கிய வாய்க்கால்கள் முதுகில் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தன. மூக்கும் உதடும் மண்ணுக்குள்ளிருந்து முழுதாக வெளியே வராதது போலிருந்தது. பட்டறைக்காரப் பெரியவர் காலை மடக்கி உட்கார்ந்து, அம்மனை மரக்கட்டையில் சாய்த்து இடது காலால் அணைத்துக்கொண்டு அரத்தை ஓட்டினார். குச்சிகளை அறுத்த இடத்துக்கு உளி, பிறகு பட்டை அரம், வளைவுகளுக்கு அரைவட்ட அரம், விரலிடுக்குக்கு மெலிந்த உருண்டை அரம். இதை அவர் ‘ராவுறது’ என்றார். அதன்பின் உப்புத்தாள் போட்டுத் ‘தேய்க்கிறது’. கடைசியில் புளியும் பூந்திக்கொட்டையும் சேர்த்துக் கழுவல். உதிர்ந்த தூளை ஒரு கொட்டாங்கச்சியில் சேர்த்துவைக்கிறார், அடுத்த உருக்கலுக்கு ஆகுமாம்.

ஓரமாகக் கிடந்த அரம் ஒன்றை எடுத்து, “இது தேஞ்சு போச்சா?” என்று கேட்டேன்.

“தேயல தம்பி, மழுங்கிப் போச்சு. பல்லு போன அரம் அது.”

எனக்கு அது நல்ல பாடம். கத்தியும் அரமும் மழுங்கும். கயிறும் துணியும் நையும். மரம் உளுக்கும். சோப்பு கரையும். கரையை ஆறு அரிக்கும். குறைவது என்னவோ எல்லாம்தான். ஆனால் எப்படிக் குறைகிறது என்று பார்த்துத் தமிழ் வேறுவேறு வினை வைத்திருக்கிறது. ஒன்றோடொன்று உரசி, உருவம் சிறுக்காமலே மேல்தோல் மெல்ல மெல்லப் போவதற்குத்தான் தேய்தல். செருப்பு தேயும், வாசற்படி தேயும், எறும்பு ஊர்ந்தால் கல்லும் தேயும் என்பார்கள். உரச ஆளில்லாமல் தேய்வது நிலா ஒன்றுதான்.

இன்னொன்றும் கேட்டேன். “இவ்வளவு தேய்க்கிறீங்களே, மூக்கு தேஞ்சுடாதா?”

அரத்தை நிறுத்தாமலே சொன்னார்: “தேய்க்கிறவன் தேய விடக்கூடாது தம்பி.”

பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்ததை அவர் ஒரு வாக்கியத்தில் வைத்துவிட்டார். தேய்ந்தது என்றால் தானாகக் குறைந்தது. தேய்த்தது என்றால் ஒரு கை அதைச் செய்தது. நடுவில் ‘ந்’ போய் ‘த்’ வந்தது மட்டும்தானா வேறுபாடு? இல்லை. தலையில் எண்ணெய் தேய்க்கிறோம், தலை தேய்வதில்லை. பாத்திரம் தேய்க்கிறோம், துணி தேய்க்கிறோம். அங்கே யாரும் இழப்பை நினைப்பதில்லை. பளபளப்பை, மடிப்பை, வேலை முடிந்ததை நினைக்கிறோம். தேய்ந்தது என்றால் இழப்பு மட்டுமே தெரிகிறது. வள்ளுவர் இரண்டுக்கும் அரத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறார். 567-ஆம் குறளில், கடுஞ்சொல்லும் அளவு மீறிய தண்டனையும் அரசனின் வலிமையைத் தேய்க்கிற அரம். 888-ஆம் குறளில், உட்பகை புகுந்த குடி அரம் பட்ட பொன்போலத் தேயும். குறளில் அந்த அரம் அழிக்கிற கருவி. இந்தப் பட்டறையில் அதே அரத்தின் அடியிலிருந்துதான் அம்மனுக்கு உதடு வந்துகொண்டிருந்தது.

பேச்சு பழைய உற்சவர்கள் பக்கம் திரும்பியது. எழும்பூர் அருங்காட்சியகத்துச் செப்புத் திருமேனிகளில் சிலவற்றுக்கு முகம் மழமழவென்றிருக்கும். தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் செய்து, துணியால் ஒற்றி, சந்தனம் சாத்தி எடுத்த கைகள் இமையையும் மூக்கு நுனியையும் எடுத்துக்கொண்டுவிட்டன. பிற்காலத்தில் யாரோ கண்ணை மீண்டும் உளியால் கீறிய திருமேனிகளும் உண்டு. எனக்கு அந்தக் கீறலைப் பார்க்கப் பொறுக்காது. அந்த முகத்தில் இருந்த அமைதிக்கும் புதுக் கோட்டுக்கும் ஒட்டாது. அப்படி முகம் தேய்ந்த சிலை வந்தால் என்ன செய்வீர்கள் என்று பெரியவரிடம் கேட்டேன்.

“விரலு ஒடிஞ்சா பின்னம். அதுக்குச் செய்ய வேண்டியது இருக்கு. தேஞ்சது பின்னம் இல்ல. கும்பிட்டுத் தேஞ்சது. அதுல நான் உளி வைக்க மாட்டேன்.”

சாமி தேய்ந்ததை அவர் குறையாக எண்ணவில்லை. தன் உடம்பைப் பற்றிப் பேசும்போது அதே சொல்லின் ஒலி மாறியது. பதினான்கு வயதில் உட்கார்ந்தவர். முட்டியில் ஜவ்வு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ரேஷன் கடையில் கைரேகை வைக்கச் சொல்கிற மெஷின் வந்த நாளிலிருந்து அவருக்கு அரிசி வாங்கப் போவதே சங்கடம். துடைத்துத் துடைத்து வைத்தாலும் அது ஏற்காது. “ரேகையெல்லாம் தேஞ்சு போச்சுன்னு சொன்னா, வரிசையில நிக்கிறவங்க சிரிக்கிறாங்க” என்றார். இப்போது அவர் மனைவி போய்விடுகிறார். வாசலில் பூந்திக்கொட்டை ஊறவைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் நிமிர்ந்து, “ஓடாத் தேஞ்சு ஒழைச்ச மனுசனுக்கு அத்தாட்சி வேணுமாம்” என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். அந்தக் கோபம் நியாயமானது. வாழ்நாளெல்லாம் ஒரு தொழிலைச் செய்ததன் தழும்பு, அரிசிக்கு நிற்கிற இடத்தில் ஆள் அடையாளமே இல்லாத நிலையாகிவிடுவதை எந்த ஊரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

கிளம்புகிற நேரத்தில் அவர் அரத்தை வைத்துவிட்டு அடுத்த சிலைக்கு மெழுகு எடுத்தார். வெயிலில் இளகிய உருண்டை ஒன்றை என்னிடமும் கொடுத்து, அமுக்கிப் பார்க்கச் சொன்னார். என் கட்டைவிரல் பதிந்த இடத்தில் வரி வரியாகச் சுழி விழுந்திருந்தது. அவர் தன் கட்டைவிரலை அதன் மேலேயே வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். சுழி போய், அம்மனின் கன்னம் போல மெழுகு வழவழவென்று ஆனது.