சித்திரைக்குத் தாங்குமா இந்தக் குழி?

மக்கா, மின் ஆய்வாளர்னு சொன்னதும் ரீடிங் எடுக்க வர்றவர் மூஞ்சி ஞாபகம் வருதா? என் கிளாஸ்லயே பாதிப் பேருக்கு அப்படித்தான். இத்தனைக்கும் நாங்க ட்ரிபிள் ஈ!

அவர் வேற, இவர் வேற. ஈ.பி.க்காரங்க கரண்டைக் கொடுக்கிறவங்க. அந்தக் கரண்டு யாரையும் அடிச்சுப் போடாம இருக்கான்னு பார்க்கிறவர்தான் மின் ஆய்வாளர். தமிழ்நாட்டுல இதுக்குன்னே மின் ஆய்வுத் துறைன்னு தனியா ஒண்ணு இருக்கு. தலைமை ஆபீஸ் சென்னை கிண்டியில. 2003-ம் வருஷ மின்சாரச் சட்டத்தோட 162-வது பிரிவுதான் இவங்களை நியமிக்க வழி செய்யுது. மில், ஃபேக்டரியில உயரழுத்த அமைப்புகளைச் சோதிக்கிறது, லிஃப்ட்டைப் பார்க்கிறது, மின் விபத்து நடந்தா விசாரிக்கிறது எல்லாம் இவங்க பொறுப்பு.

'சரி, பி.இ. முடிச்சதும் அந்த நாற்காலியில உட்கார்ந்துடலாமா?'ன்னு கேட்டா, அங்கதான் ட்விஸ்ட். 1956-ம் வருஷ இந்திய மின்சார விதிகள், படிப்புக்கு மேல 8 வருஷ அனுபவம் கேட்டுச்சு. அதுல 2 வருஷமாவது பொறுப்பான பதவியில இருந்திருக்கணும். இப்ப அந்த விதிகள் போயாச்சு. ஆய்வாளர்களோட தகுதிக்குன்னு 2006-ல தனி விதிகளே வந்தாச்சு. ஆனா, பட்டமும் வேணும், பல வருஷ அனுபவமும் வேணும்ங்கிற கணக்கு மட்டும் மாறல.

எதுக்கு இத்தனை வருஷம்? இதுக்குப் பதில் புஸ்தகத்துல கிடைக்கல. எங்க கோவில்பட்டி கரிசல்ல கிடைச்சது.

கரிசல் மண்ணு மழையில ஊறினா வீங்கும். ஈரமா இருக்கிறப்ப கரண்டை நல்லாவே கடத்தும். கோடை வந்தா சுருங்கி, கால் நுழையுற அளவுக்குப் பாளம் பாளமா வெடிக்கும். எர்த் குழியில இருக்கிற குழாயை விட்டு மண்ணே விலகிரும். எங்க மாமா வயர்மேன். அவர் சொல்வார்: "ஐப்பசியில எந்தக் குழியும் பாஸாயிரும் தாயி. சித்திரைல வந்து மெக்கரை வைக்கச் சொல்லு, அப்பத் தெரியும் லெச்சணம்!"

சின்னக் கணக்குதான், போட்டுப் பாருங்க. 230 வோல்ட் லைன் மோட்டார் பாடியில தொட்டுருச்சு. கரண்டு போய்த் திரும்புற பாதையோட மொத்த ரெசிஸ்டன்ஸ் 2 ஓம்னா 115 ஆம்பியர் பாயும். 16 ஆம்பியர் ஃபியூஸ் டப்புனு போயிரும், எல்லாரும் தப்பிச்சோம். அதுவே 23 ஓம் ஆயிட்டா? பாயறது 10 ஆம்பியர்தான். ஃபியூஸ் பாட்டுக்குச் சும்மா இருக்கும். மோட்டார் பாடி கரண்டோட காத்துக்கிட்டு நிக்கும்.

அப்படிக் காத்துக்கிட்டு நின்ன ஒண்ணை எனக்குத் தெரியும். ஒரு சித்திரை மாசம், எங்க ஊர் மோட்டார் ரூம் இரும்புக் கதவுல உரசின சினை ஆடு ஒண்ணு அப்படியே சுருண்டு விழுந்துச்சு. ஆட்டுக்காரப் பாட்டிக்கு அது ஒரு வருஷச் செலவு. சட்டத்தோட 161-வது பிரிவு என்ன சொல்லுது தெரியுமா? மின் விபத்துல மனுஷனுக்கு மட்டுமில்ல, ஆடு மாட்டுக்கு ஏதாவது ஆனாலும் மின் ஆய்வாளருக்குத் தகவல் சொல்லணும். உயிர் போயிருந்தா, விவரம் தெரிஞ்ச 24 மணி நேரத்துக்குள்ள சொல்லணும். அன்னிக்கு அங்க நின்ன யாருக்கும் இது தெரியாது. ஆட்டைப் புதைச்சாங்க. மறுநாளும் எங்க தெருப் பிள்ளைங்கதான் அந்தக் கதவைத் தள்ளித் திறந்தாங்க.

அதுக்கப்புறம்தான் லீவு விட்டா மாமா பின்னாடி மெக்கரைத் தூக்கிட்டுக் கிளம்ப ஆரம்பிச்சேன். மாமா ஒன்பதாவதோட நின்னவர். மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதி சர்டிஃபிகேட் வாங்கினார். 21 வயசு நிறைஞ்சு, 5 வருஷ ஒயரிங் அனுபவம் இருந்தா அதை எழுதலாம். ஆக, உதவியாளருக்கே 5 வருஷம்னா, அவர் வேலையைச் சரி, தப்புன்னு சொல்லப் போற ஆய்வாளருக்கு எவ்வளவு வேணும்?

அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. பதினஞ்சு வருஷமா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போறவங்க. "அத்தனை வருஷம் அனுபவம்னா, அதுவரைக்கும் சோத்துக்கு என்ன செய்வ?" நியாயமான கேள்விதானே? கேம்பஸ் இன்டர்வியூவுல சாஃப்ட்வேர் கம்பெனி வந்து நிக்கும்போது இது இன்னும் சத்தமாக் கேட்கும்.

என்கிட்ட இருக்கிற பதில் இதுதான்: அனுபவம்ங்கிறது சும்மா உட்கார்ந்திருக்கிற காலம் இல்ல. சம்பளத்தோடதான் சேரும். நூல் மில் மெயின்டெனன்ஸ் இருக்கு. கயத்தாறு பக்கம் காத்தாலை இருக்கு. சோலார் இருக்கு. நடுவுல மின் உரிமம் வழங்கும் வாரியத்துல மேற்பார்வையாளர் சர்டிஃபிகேட் வாங்கலாம். துறைக்குள்ள ஆரம்பப் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. நடத்துற தேர்வு இருக்கு. அறிவிப்பு வந்தா சம்பளத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி தகுதி, அனுபவம் பகுதியை எழுத்துக்கூட்டிப் படிங்க. எங்க வேலை பார்த்தாலும், எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரை, என்ன வோல்டேஜ்ல, என்ன பொறுப்புல இருந்தீங்கன்னு லெட்டர் வாங்கி வெச்சுக்கோங்க. அதுதான் உங்க ரெண்டாவது டிகிரி.

தீப்பெட்டி, பட்டாசு, பஞ்சு. நம்ம பெல்ட் பிழைக்கிறதே டக்குனு பத்திக்கிற பொருள்லதான். இங்க ஒரு லூஸ் கனெக்‌ஷன் வெறும் ரிப்பேர் விஷயம் இல்ல; ஒரு ஷெட்டுல இருக்கிற அத்தனை அம்மாக்களோட உயிர். அதனால நான் இந்த லைன்லதான் போறதா இருக்கேன். அம்மா இன்னும் சரின்னு சொல்லல. ஆனா, "அந்த ஆபீஸருங்க எங்க ஆபீஸுக்கும் வருவாங்களா?"ன்னு கேட்டிருக்காங்க. அது பாதி சம்மதம்!

நீங்க இந்த லைனுக்கு வந்தாலும் வராட்டியும், வர்ற கோடையில ஒண்ணு செய்யுங்க. உங்க ஹாஸ்டல் எர்த் குழி எங்க இருக்குன்னு தேடுங்க. அதுல யாராவது தண்ணி ஊத்துறாங்களா, கடைசியா எப்ப அளந்தாங்கன்னு கேளுங்க. பதில் வரலைன்னா விடாம இன்னொரு தடவை கேளுங்க!