மணற்கடலில் பதினேழு ஆண்டுகள்

கிழக்கு லிபியாவின் கலன்ஷோ மணற்கடலில் கிணறுமில்லை, நிழலுமில்லை. 1943 ஏப்ரல் 4இல் பெங்காசிக்கு அருகிலுள்ள சுலூக் தளத்திலிருந்து நேப்பிள்ஸ் நகரைத் தாக்கப் புறப்பட்ட 'லேடி பி குட்' என்னும் அமெரிக்க விமானம், திரும்புகையில் இருளில் தளத்தைக் கடந்து இப்பாலைக்குள் நுழைந்தது. எரிபொருள் தீரவே ஒன்பது வீரர்களும் குதித்தனர். ஒருவர் அப்போதே மாண்டார்.

எஞ்சிய எண்மரும் ஒரு குடுவை நீருடன் வடக்கே நடந்தனர். நீர் வைத்திருந்த விமானமோ தெற்கே கிடந்தது! துணை விமானி ராபர்ட் டோனர் பசியையும் தாகத்தையும் பிரார்த்தனையையும் ஏப்ரல் 12 வரை குறித்து வைத்தார். விமானம் கடலில் மூழ்கியதெனவே உலகம் கருதியது.

1958இல் எண்ணெய் தேடியோர் விமானத்தைக் கண்டனர். 1960இல் டோனரின் குறிப்பேடும் எண்மரின் உடல்களும் கிடைத்தன. அவை தாயகம் சேர்ந்தன. வெர்னன் மூர் என்பவரின் உடல் மட்டும் அகப்படவில்லை.

இறந்தவரை நல்லடக்கம் செய்வது இருப்போர்மீதுள்ள கடன். ஆண்டுகள் கழிவதால் அக்கடன் கழிவதில்லை.