டென்ட்டில் தங்கப் போறீங்களா? முதல்ல பாத்ரூம் எங்கேன்னு கேளுங்க!

ஸ்கூல் லீவு நெருங்கினால் போதும், போனில் டென்ட் விளம்பரங்கள் வரிசை கட்டிவிடும். ஓடைக்கரையில் ஆரஞ்சு கலரில் ஒரு டென்ட், பக்கத்தில் கேம்ப் ஃபயர், மேலே வானம் நிறைய நட்சத்திரம். மூன்றாவது படிக்கும் என் மகன் அதைப் பார்த்துவிட்டு விடவே இல்லை. போன தை மாதக் கடைசியில் ஒரே ஒரு ராத்திரி போய் வருவோம் என்று முடிவானது.

போகிறவர்கள் நான்கு பேர். நான், என் கணவர், மகன், 67 வயதான என் மாமியார். அத்தைக்கு முழங்கால் வலி, கூடவே சர்க்கரை. மாமா தவறி இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அவர் திருமழிசையை விட்டு வெளியே ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. “நான் எதுக்கும்மா? வீட்டைப் பாத்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க” என்றவரை, “பாட்டி வரலைன்னா நானும் வரலை” என்று மகன்தான் வழிக்குக் கொண்டுவந்தான். அதனால் இடம் தேடும் வேலை எனக்குக் கனமாகிவிட்டது. இந்த ஒரு ராத்திரி அவர் கஷ்டப்பட்டுவிட்டால், அப்புறம் எங்கே கூப்பிட்டாலும் வர மாட்டார்.

டென்ட் என்றதும் அத்தைக்கு டென்ட் கொட்டாயில் படம் பார்த்ததுதான் ஞாபகம் வந்தது. விளக்கிச் சொன்னதும், “ஓ, தை அமாவாசைக்குத் திருவள்ளூர்ல போய்ப் படுப்போமே, அந்த மாதிரியா?” என்றார். வீரராகவர் கோயில் குளத்தில் முழுக்குப் போட, முதல் நாள் ராத்திரியே போய்க் கோயிலைச் சுற்றிப் படுத்துக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். “உங்க மாமா பாய் விரிக்கறதுக்கு முன்னாடி, ராத்திரியில பொம்பளைங்க எங்க போவாங்கன்னு பாத்துட்டுதான் எடம் பிடிப்பாரு” என்றார் அத்தை. நான் அதுவரை பார்த்த எந்த விளம்பரத்திலும் பாத்ரூம் படம் இல்லை.

அதையே முதல் கேள்வியாக வைத்துக்கொண்டு போன் போட்டேன். ஓடைக்கரை ஆரஞ்சு டென்ட்காரர் எடுத்தார். டென்ட்டிலிருந்து பாத்ரூம் எத்தனை அடி, வழியில் லைட் உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட்டா என்று கேட்டேன். “காமன் பாத்ரூம் இருக்கு மேடம், கொஞ்ச தூரம்தான்” என்றார். அந்தக் கொஞ்ச தூரத்தை ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். சூரிய அஸ்தமனத்தை எடுத்து அனுப்பினார்!

ஓடை எவ்வளவு பக்கம் என்று கேட்டபோது மட்டும், “பத்தடிதான் மேடம்” என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு அந்தப் பத்தடிதான் பயமாக இருந்தது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தது நினைவிருக்கும். மலையில் மழை எங்கோ மேலே பெய்யும், தண்ணீர் கீழே வந்து சேரும். நாம் இருக்கும் இடத்தில் ஒரு தூறல்கூட விழுந்திருக்காது. தூங்குகிறவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டு, எழுந்து, ஜிப்பைத் திறந்து வெளியே வருவதற்குள் என்ன ஆகும்?

இரண்டாவது இடம், “காட்டை ஒட்டியே இருக்கோம், ராத்திரி யானை சத்தம் கேட்கும்” என்றது. அதுவும் விளம்பரம்தான். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ஒரு ரிசார்ட்டின் டென்ட்டில் தங்கியிருந்த 26 வயதுப் பெண்ணை யானை தாக்கி, அவர் இறந்துபோனார். துணிச்சுவர் யானையைத் தடுக்காது. அந்த போனை அதோடு வைத்துவிட்டேன்.

தை மாதத்தைப் பிடித்ததற்கும் காரணம் உண்டு. கார்த்திகை, மார்கழியில் போனால் நம் வடகிழக்குப் பருவமழை. மாசி பாதி தாண்டினால் மலையில் புல் காய்ந்து காட்டுத்தீ பயம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20 பேருக்கும் மேல் தீயில் பலியானார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. 2025-ல் வனத்துறை தன் மலையேற்றப் பாதைகளைப் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடிவைத்தது. நடக்கவே கூடாது என்று அவர்கள் சொல்கிற மாதத்தில், காட்டோரம் கேம்ப் ஃபயர் போட்டுத் தூங்க எனக்குத் தைரியம் இல்லை.

நடுவில் என் கணவர், “பேசாம கேரவன் எடுத்தா என்ன?” என்றார். நமக்குக் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்காரும் வண்டி. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடும்பம் குடும்பமாக அதில் ஊர் சுற்றுகிறார்கள். நிறுத்துமிடத்திலேயே தண்ணீர்க் குழாய், கரன்ட், டாய்லெட் தொட்டியைக் காலி செய்யும் வசதி எல்லாம் இருக்கும். கேரளாவும் 2021-ல் கேரவன் சுற்றுலாவை அறிவித்து, பிறகு வாகமனில் அதற்கென்று ஒரு பார்க் திறந்தது. நிறுத்துமிடத்தில் இந்த மூன்றும் இல்லாவிட்டால் கேரவன் வெறும் பெரிய வேன்தான். பட்ஜெட்டும் இடித்ததால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

கடைசியில் அமைந்தது ஏலகிரி. எங்கள் ஊர் வழியாகப் போகும் அதே பெங்களூர் ஹைவேயில் வாணியம்பாடி தாண்டிப் போய்த் திரும்பினால் மலை. சுமார் 200 கிலோமீட்டர். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் என்றாலும் 14 கொண்டை ஊசி வளைவுகள்தான், அத்தையின் வயிறு தாங்கியது. வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருப்பதால் மகனுக்குப் பொழுதும் போனது.

அது ஒரு விவசாயக் குடும்பம் தோட்டத்தில் நடத்தும் சின்ன இடம். போட்டோவில் பார்க்க ஒன்றுமே இருக்காது. தரையிலிருந்து ஓரடி உயர்ந்த சிமென்ட் மேடை, மேலே தகரக் கூரை, அதன் கீழே டென்ட். மேடையைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு மார்க்கெட்டை மூடிவிட்டு, காய்கறிக் கடைகளை எங்கள் திருமழிசைக்கு மாற்றினார்களே, ஞாபகம் இருக்கிறதா? மழை பெய்ததும் அந்த இடம் என்ன பாடுபட்டது என்று பார்த்தவர்களுக்கு, தரை மேடா பள்ளமா என்று தன்னால் கண் போகும். பாத்ரூம் இருபதே எட்டு, வழியெல்லாம் லைட், வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி. பாம்புக்கடி மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று கேட்டதற்கு, அந்த வீட்டு அம்மா யோசிக்காமல் ஊர் பெயரையும் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பதையும் சொன்னார். பிறகு அவராகவே, “பெரியம்மாவுக்கு டென்ட்ல முடியலைன்னா உள்ள வந்து படுக்கட்டும், ஒரு கட்டில் போட்டு வைக்கறேன்” என்றார். நான் உடனே அட்வான்ஸ் அனுப்பியது இந்த வார்த்தைக்காகத்தான்.

‘நான்கு பேர் டென்ட்’ என்று எழுதியிருந்தால் அதில் இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் கை காலை நீட்டலாம், அவ்வளவுதான். நாங்கள் இரண்டாக எடுத்தோம். பாட்டியும் பேரனும் ஒன்றில், நாங்கள் பக்கத்தில். குளிருக்குப் பயந்து ஜன்னல் வலையை மூடினால் மூச்சுக்காற்றே உள்ளே வேர்த்துச் சொட்டும். கொஞ்சம் திறந்துதான் வைக்க வேண்டும். என் கணவர் கரி அடுப்பை உள்ளே எடுத்து வைக்கலாமா என்று கேட்டார். கூடவே கூடாது என்றேன். கரிப்புகைக்கு வாசனையே தெரியாத ஒரு வாயு உண்டு, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். 2024-ல் கொடைக்கானலில் பார்பெக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இரண்டு பேர் அப்படித்தான் இறந்தார்கள். அத்தைக்கு இரண்டு கம்பளியும் ஒரு குல்லாவும் கொடுத்தோம்.

மூன்று மணி இருக்கும், பக்கத்து டென்ட்டின் ஜிப் சத்தம். என்னை எழுப்பாமல் அத்தை டார்ச்சோடு கிளம்பிவிட்டார். செருப்பை உதறிப் போட்டுக்கொள்ளும் சத்தம், நடை, கதவு. நான் படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நடை திரும்பி வந்தது, ஜிப் மட்டும் திறக்கவில்லை. எட்டிப் பார்த்தால், பிளாஸ்டிக் நாற்காலியைக் கூரைக்கு வெளியே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குல்லாவை ஏற்றிவிட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை.

மகன் அடுத்து ஜவ்வாது மலை கேட்கிறான். காவலூரில் பெரிய டெலஸ்கோப் இருக்கிறதாம். “போன் போட்டுக் கேளு, பாத்ரூம்ல புடிச்சு எழுந்திருக்கக் கம்பி இருக்கான்னு” என்று சொல்லியிருக்கிறார் அத்தை.