வானத்து நீரைக் காத்த மாளிகை

வெனிஸ் நகரில் எத்திசை நோக்கினும் நீர்தான். வீதிகளுக்குப் பதிலாகக் கால்வாய்கள். வண்டிகளுக்குப் பதிலாகப் படகுகள். ஆயினும் அத்தனையும் உப்பு நீர். ஒரு மிடறும் பருக உதவாது. நிலப்பகுதியிலிருந்து குழாய் நீர் இங்கு வந்து சேர்ந்ததோ 1884-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் இத்தீவு மக்கள் எதைக் குடித்து வாழ்ந்தனர்?

புனித மாற்கு பேராலயத்தை ஒட்டி நிற்கும் டோஜே மாளிகையில் இதற்கு விடை கண்டோம். 1797 வரை இக்குடியரசை ஆண்ட தலைவர்களின் இல்லம் அது. அதன் முற்றத்தின் நடுவே, 1556, 1559-ஆம் ஆண்டுகளில் வெண்கலத்தில் வார்க்கப்பட்ட இரு கிணற்றுச் சுவர்கள் சிற்ப எழிலுடன் திகழ்கின்றன.

கிணறு என்றதும் ஊற்றை நினைப்போம். இங்கு ஊற்றே இல்லை! கூரையிலும் முற்றத்திலும் பெய்த மழை, கல்தளத்தின் சரிவில் ஓடி, துளையிட்ட கற்களின் வழியே நிலத்தடிக் குழிக்குள் இறங்கும். கடல்நீர் கசியாதபடி குழியைச் சுற்றிலும் களிமண் பூசி, உள்ளே மணல் நிரப்பியிருந்தனர். மணலில் வடிந்து தெளிந்த நீர் நடுவிலுள்ள செங்கல் கிணற்றில் அடிவழியே சென்று தேங்கும். நகரெங்கும் கிணறுகளின் அமைப்பு இதுவே.

ஆள்வோரின் கூரையில் விழுந்த மழை ஆள்வோருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தோளில் தடி சுமந்து, அதன் இரு முனைகளிலும் செம்புக் குடங்களைத் தொங்கவிட்ட ஏழைப் பெண்கள் இம்முற்றத்து நீரை முகந்து வீடுதோறும் கொண்டுசென்று விற்றனர். பங்குகளின் பொதுக்கிணறுகளுக்கோ மூடியும் பூட்டும் உண்டு. சாவி பங்குக் குருவிடமும் வட்டாரத் தலைவரிடமும் இருக்கும். காலையும் மாலையும் மணி ஒலித்த பின்னரே திறப்பர். மழை பொய்த்தால் பிரெந்தா ஆற்று நீரைப் படகில் கொணர்ந்து ஊற்றினர். கடல் பொங்கி உப்பு நீர் உட்புகுந்தாலோ, மணல் கெட்டுக் கிணறே பாழாகும். அதனாலேயே பல கிணறுகளைப் படிகள்மேல் உயர்த்திக் கட்டினர்.

நம் பங்குகளிலும் ஆலயம், பள்ளி, மருத்துவமனை எனப் பெருங்கூரைகள் பல உள. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. சட்டம் குழியை வெட்டச் செய்யும். அதில் சேறும் சருகும் அடையாமல் ஆண்டுதோறும் காப்பது யார்? பங்கே சாவியை ஏந்தி நின்ற அம்மக்களிடம் நாம் கற்க வேண்டிய பாடம் இதுவன்றோ!