கதிரவனும் கடல் கடந்த தமிழரும்

சிங்கப்பூரில் கதிரவன் ஒழுங்கு தவறாத விருந்தினன். நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தீவாதலால், ஆண்டு முழுவதும் காலை 7 மணியளவில் எழுகிறான். மாலை 7 மணியளவில் மறைகிறான். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சில நாள்கள் உச்சியில் நேராக நின்று, மனிதனின் நிழலை அவன் காலடிக்குள்ளேயே அடக்கிவிடுகிறான். இம்மண்ணில் வாழ்வோர்க்கு அவன் என்றும் மாறாதவனாகத் தோன்றுவது இயல்பே.

தை பிறக்குமுன் சிராங்கூன் சாலையில் கரும்பும் மஞ்சளும் புதுப்பானையும் வாங்கும் பெற்றோர், வயலையே கண்டறியாத பிள்ளைகளுக்கும் கதிரவன்பால் நன்றியைக் கற்பிக்கின்றனர். நன்று. ஆயின், நன்றிக்குரியதை அறிந்து போற்றுவதன்றோ முழுமையான நன்றி?

ஞாயிறு விறகுபோல் எரிவதன்று. அதன் நடுவே, ஏறத்தாழ 1.5 கோடி பாகை வெப்பத்தில், ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. அப்போது நொடிதோறும் 40 இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட பொருண்மை ஆற்றலாக மாறுகிறது. அவ்வாற்றல் ஒளியாகி, 15 கோடி கிலோமீட்டரை எட்டு நிமிடங்களுக்குச் சற்றே மிகுந்த பொழுதில் கடந்து நம்மை அடைகிறது. ஒளியோடு மின்னேற்றம் பெற்ற நுண்துகள்களையும் ஞாயிறு ஓயாது வீசுகிறது. சூரியக் காற்று எனப்படும் இதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். புவியின் காந்தப்புலமே இதனைப் பெரும்பாலும் விலக்கி நம்மைக் காக்கிறது.

ஞாயிற்றின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியில் பெருகிக் குறைகின்றன. இப்புள்ளிகளுக்கும் தமிழர் வரலாற்றுக்கும் தொடர்புண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கானோர் மடிந்தனர்; பிழைப்புத் தேடிக் கப்பலேறியோரும் பலர். மழை ஏன் பொய்த்தது, கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் உறவுண்டோ என்று அறிஞர் வினவினர். அவ்வினாவின் தூண்டுதலும் சேர்ந்து, 1899இல் கொடைக்கானலில் ஞாயிற்று ஆய்வகம் எழுந்தது. மழையை முன்னுரைக்கும் எளிய வாய்பாடு கிட்டவில்லை. எனினும் 1909இல் அங்கே ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார்; அவ்விளைவு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஞாயிற்றை ஆராய இந்தியா ஏவிய ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநராக அப்போது இருந்தவர், செங்கோட்டையில் பிறந்த நிகர் சாஜி.

இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டறிவன்று. 1989 மார்ச்சில் சூரியப் புயலொன்று கனடாவின் கியூபெக் மாநிலத்தை ஏறத்தாழ 9 மணி நேரம் இருளில் ஆழ்த்தியது. அது துருவத்தை அடுத்த நாடு. நமக்கென்ன என்று சிங்கப்பூர் இருந்துவிட இயலாது. நிலநடுக்கோட்டுப் பகுதியின் மேல்வானில் உள்ள அயனி மண்டலம் ஞாயிறு மறைந்தபின் கொந்தளிப்பதுண்டு. கரும்புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் அக்கொந்தளிப்பும் மிகும். அப்போது செயற்கைக்கோள்கள் அனுப்பும் வழிகாட்டிக் குறிகைகள் தடுமாறும். கப்பலையும் வானூர்தியையும் நம்பி வாழும் ஊருக்கு இது சிறுசெய்தியாகுமா?

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது. அதனால் கதிரவனைத் தொழத் தமிழ், அறிய ஆங்கிலம் என்னும் பிரிவினை பிள்ளைகளின் உள்ளத்தில் வேர்விடக்கூடும். அவ்வாறு வேர்விட்டால், தமிழ் பொங்கற்பானையோடு வெளிவந்து பானையோடு உள்ளே செல்லும் மொழியாகிவிடும். பொங்கலைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியர், கரும்புள்ளி பற்றியும் இரண்டு பத்திகள் எழுதச் சொல்லலாம். அதற்குரிய சொற்கள் தமிழில் ஆயத்தமாக உள்ளன.

2019 டிசம்பர் 26 அன்று பிற்பகல் 1.22 மணியளவில், இத்தீவின் வானில் கதிரவன் பொன்வளையமாகத் தோன்றினான். அத்தகைய கங்கண மறைப்பு இங்கே மீண்டும் நிகழ்வது 2063இல். இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுவர் அன்று தம் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அருகழைத்து, அவ்வளையம் ஏன் தோன்றுகிறது என்று எம்மொழியில் விளக்குவர் என்பது, இன்றைய தமிழாசிரியர் கையில் இருக்கிறது.